தைக்குள் ஒரு முடிவு

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

ஊரே விமானச் சாகசம் பார்க்க மெரினாவுக்குப் போயிருந்தது. நாங்கள் எதிர்த்திசையில் தாம்பரத்துக்கு ரயில் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முடிச்சூர் போனோம். பெரியவளுக்கு வீட்டைப் பற்றி அக்கறை இல்லை. போன வருடம் மிக்ஜாம் புயலில் பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையைக் கடந்து போன முதலையின் வீடியோவை யாரோ காட்டியிருக்கிறார்கள். "அந்த முதலை பக்கத்திலா இருக்கிறது?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தரகர் கேட்டைத் திறக்கும்போதே, "2015-லேயே இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, மேடம்" என்றார். நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிழக்குப் பார்த்த சமையலறை, பின்னால் துவைக்கிற கல், ஒரு கொய்யா. என் கணவருக்குப் பிடித்துவிட்டது; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். படுக்கையறையில் ப்ளக் பாயிண்ட் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. கூடத்திலும் அப்படித்தான். குனிந்து செருகுகிற இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "குழந்தைகள் கை வைக்காமல் இருக்கத்தான், மேடம்" என்றார் தரகர்.

அக்டோபர் 7

குழந்தைகள் கை வைக்காமல் இருக்கவாம்.

அக்டோபர் 9

வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து இன்னொரு முறை நினைவுபடுத்தினார். மகன் பெங்களூரிலிருந்து வருகிறானாம், தைக்குள் காலி செய்துவிட வேண்டும். மேற்கு மாம்பலத்தில் இதே வாடகைக்கு இனி ஒற்றை அறைகூடக் கிடைக்காது. கிடைத்தாலும் என்ன? பிள்ளைகள் விளையாடுவது மாடிப்படிக்கு அடியில், ஸ்கூட்டர்களுக்கு நடுவில். பந்து யாருடைய வண்டியில் பட்டது என்பதுதான் தினமும் மாலைப் பஞ்சாயத்து.

அக்டோபர் 12, விஜயதசமி

சின்னவனை அரிசியில் எழுத வைத்தோம். 'அ' போட்டுவிட்டு அந்த அரிசியிலேயே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அத்தை சிரித்துவிட்டு, "எந்த ஊரில் பள்ளிக்கூடம் என்று தெரியாமலேயே எழுத்தை ஆரம்பித்தாயிற்று" என்றார். கணவர் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 16

சிவப்பு எச்சரிக்கை. பள்ளிக்கு விடுமுறை. வேளச்சேரிக்காரர்கள் நேற்று முன்தினமே கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நேற்றுப் பெய்ததோடு சரி. இன்று பேருக்குத் தூறல். பெரிய மழை வந்தால் அந்தத் தெருவின் குணம் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். மழை வரவில்லையே என்று சென்னையில் இன்றைக்கு வருந்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

தரகருக்குச் சொல்லாமல், அவருக்கும் சொல்லாமல், பெரியவளை மட்டும் அழைத்துக்கொண்டு சாயங்காலமாகப் போனேன். ஒரு வீட்டைப் பகலில் பார்ப்பது பெண் பார்க்கப் போவது மாதிரி. எல்லாம் துடைத்து வைத்திருப்பார்கள்.

அடுத்த வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீடு பார்க்க வந்தவள் என்று தெரிந்ததும் முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தார். நேராகக் கேட்டேன். அவரும் நேராகவே சொன்னார். எழுந்துபோய் மாடிப்படியைக் காட்டினார். "2015-ல் ஏழாம் படி வரைக்கும். நீ பார்த்த வீடும் அப்படித்தான், அதற்கு மட்டும் தனியாகவா வானம்? 2021-ல் வாசல். போன வருடம் இரண்டு நாள் உள்ளே முழங்கால்." குளிர்சாதனப் பெட்டி நான்கு சிமென்ட் கல் மேல் நிற்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் மாடியில். ஐப்பசி பிறந்தால் வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழும் உள்ள பெட்டி பரணுக்குப் போகிறது. தை பிறந்தால்தான் இறங்குகிறது. இதையெல்லாம் ஊறுகாய் போடும் பக்குவம் சொல்கிற குரலில் சொன்னார்.

விட்டுப் போய்விடலாம் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். "போனோமே. மகன் வீட்டுக்கு, மூன்று மாதம். அங்கே யாருடைய பெயரும் எனக்குத் தெரியவில்லை" என்றார்.

திரும்பிப் பார்த்தால் பெரியவளைக் காணோம். செருப்பு மட்டும் திண்ணைக்குக் கீழே கிடந்தது. தெருக்கோடியில் யாருடைய சைக்கிள் மீதோ உட்கார்ந்திருந்தாள்; பத்து வயதுப் பையன் ஒருவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். மின்கம்பத்தருகில் அவன் கையை எடுத்துவிட்டான். அவளுக்குத் தெரியாது. வளைந்து நெளிந்து காலி மனை வரை போய், வேலிக்கருவேலில் சாய்ந்து நின்றுவிட்டு, எல்லாரையும் திட்டினாள். மாம்பலத்தில் அந்தச் சைக்கிள் இரண்டு வருடமாகத் துரு ஏறிக்கொண்டிருக்கிறது.

ஏழாம் படி. என் தோள் உயரம் இருக்கும்.

அக்டோபர் 21

முழங்கையில் முள் கீறல். மருந்து போட விடமாட்டேன் என்கிறாள், பள்ளியில் காட்ட வேண்டுமாம்.

அக்டோபர் 31, தீபாவளி

"அடுத்த தீபாவளி சொந்த வீட்டில்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அதிரசம் நன்றாக வந்தது.

நவம்பர் 3

முன்பணம் கொடுத்துவிட்டார். போன வாரமே. இன்றுதான் சொல்கிறார், அதுவும் அத்தையிடம், என் காதில் விழட்டும் என்று.

திரும்பி வாங்கிக்கொள்ளலாம், பேசியிருக்கிறேன் என்கிறார். மார்கழியில் யாரும் பத்திரம் பதியமாட்டார்கள். ஆகவே கார்த்திகைக்குள் ஆம், இல்லை என்று சொல்லிவிட வேண்டுமாம்.

ஏழாம் படியைச் சொன்னேன். "அது செம்பரம்பாக்கத்தை ராத்திரியில் திறந்ததால் வந்தது. இனி அப்படித் திறக்கமாட்டார்கள்" என்றார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். அடையாறு ஆதனூர்ப் பக்கம் கிளம்பி மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று வருகிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அதில் சேருவது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூரைத் தாண்டிக் கீழே. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் செம்பரம்பாக்கத்தைக் கோபித்துக்கொள்ளட்டும். முடிச்சூருக்கு வந்தது மணிமங்கலம், படப்பை, ஆதனூர் என்று மேலே இருக்கிற ஏரிகளின் தண்ணீரும், தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. மழையும்தான். அணையைத் திறந்த அதிகாரியை மாற்றலாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருகிற தண்ணீரை எந்த ஊருக்கு மாற்றுவது?

காகிதத்தில் ஆற்றை வரைந்து காட்டினேன். பார்த்தார். "இப்போது அகலப்படுத்தியிருக்கிறார்களே" என்றார். அதுவும் உண்மைதான்.

நவம்பர் 8

விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிகளைப் பார்த்தேன். பெயர் பெற்ற ஒன்றில் வாசற்காவலரோடு பேச்சு முடிந்தது. இன்னொன்றில் நான்காம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. காலை உணவுத் திட்டத்துக் கிச்சடி வாசனை சாலை வரை வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தீக்குச்சியில் பெருக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். நான் படித்ததும் இப்படியோர் ஓட்டுக் கட்டடத்தில்தான். வீட்டில் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

உண்மையில் எனக்குப் பள்ளி பெரிய கவலையாக இல்லை. பள்ளி மூன்றரைக்கு விட்டுவிடும், வேன் நாலரைக்கு வரும். நான் அண்ணா சாலையிலிருந்து கிளம்பி, ரயில் பிடித்து, தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்து, வீடு சேர ஏழரை. நடுவில் உள்ள மூன்று மணி நேரம் யாருடையது? அத்தைக்கு முழங்கால் வலி. அந்த வீட்டு வாசலிலேயே ஆறு படி. மாம்பலத்தில் கீழ்வீட்டு மாமி ஒரு குரல் கொடுத்தால் வருவார். அங்கே கீரை ஆய்கிற அம்மாளை நம்பி இரண்டு பிள்ளைகளை விட முடியுமா? ஒருநாள் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் சைக்கிள் சீட்டைப் பிடித்த பையனை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

நவம்பர் 10

தாம்பரம் மாநகராட்சி 2021-ல் வந்தது. 5 நகராட்சி, 5 பேரூராட்சி சேர்த்தார்கள். முடிச்சூர் அதில் இல்லை, இன்னும் ஊராட்சிதான், செங்கல்பட்டு மாவட்டம். ஒட்டியிருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. மனு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பாதாளச் சாக்கடை கிடையாது, கழிவுநீர் லாரிதான்.

"மாநகராட்சியில் சேர்த்தால் விலை ஏறும்" என்கிறார். விற்றால்தானே விலை? நாம் பிள்ளைகளை வளர்க்க வாங்குகிறோமா, விற்க வாங்குகிறோமா? சத்தமாகவே கேட்டுவிட்டேன். சின்னவன் எழுந்துவிட்டான்.

நவம்பர் 17

அவரோடு பேச்சில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்பதை அத்தை வழியாகச் சொன்னார்.

நவம்பர் 30, சனி

ஃபெங்கல். காலையிலிருந்து விடாத மழை. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் கணுக்கால், ஒரு மணிக்கு முழங்கால். கீழே ஸ்கூட்டர்கள் மிதக்காத குறை. மாம்பலத்தில்! மின்சாரம் இல்லை. இருட்டில் அவரும் நானும் சேர்ந்து கீழ்வீட்டு மாமியின் அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றினோம். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.

மாலையில் கீரை அம்மாளுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், "சாப்பிட்டீர்களா?" என்றார். தண்ணீர் தெருமுனை வரை வந்திருக்கிறது, உள்ளே இல்லை. கார்களை எல்லாம் வெளிவட்டச் சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். "ராத்திரி மேலேயிருந்து வந்தால் தெரியும். பையன்கள் முறை வைத்து விழித்திருக்கிறார்கள்."

டிசம்பர் 1

வரவில்லை.

டிசம்பர் 2

திருவண்ணாமலை மண்சரிவுச் செய்தி. குழந்தைகள். டிவியை அணைத்துவிட்டேன். ஏரி, ஆறு என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மலை மேல் மண்.

டிசம்பர் 8, ஞாயிறு

நால்வருமாகப் போனோம், அத்தையும் வந்தார். ஆறு படியை நின்று நின்று ஏறிவிட்டு, "இறங்கவில்லை என்றால் வலி இல்லை" என்றார். பெரியவள் ஆட்டோ நிற்பதற்குள் குதித்து ஓடிவிட்டாள். அந்தப் பையன் அவளுக்கு முதலையின் தடத்தைக் காட்டுவதாகக் கூட்டிக்கொண்டுபோய் எருமைக் குளம்பைக் காட்டியிருக்கிறான். அவள் நம்பவில்லை, ஆனாலும் அளந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"வாங்கினால் இந்த ப்ளக் பாயிண்ட்டை எல்லாம் கீழே இறக்கிவிடலாம்" என்றார் அவர்.

"இருக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று திரும்பும் ரயிலில் முழுக்க யோசித்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டார்.

டிசம்பர் 13, கார்த்திகை தீபம்

நேற்றெல்லாம் மறுபடி மழை. இன்று செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள். அவரே போனை நீட்டி, "இது முடிச்சூருக்குக் கீழேதானே சேர்கிறது?" என்றார். மாடிப்படியில் அகல் வைத்தால் காற்றில் நிற்கவில்லை.

டிசம்பர் 14, சனி

காலை ஏழு மணிக்கே தரகர். வேறொரு குடும்பம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம். கணவர் தெருவைப் பார்த்துவிட்டு வரக் கிளம்புகிறார், பெரியவளும் தொற்றிக்கொண்டாள். நான் வக்கீலிடம் போக வேண்டும்: வில்லங்கச் சான்றில் 2009-ல் ஓர் அடமானம் இருக்கிறது, அது தீர்ந்ததற்கான பதிவு இல்லை. விற்கிறவர் ரசீது இருக்கிறது என்கிறார், ரசீது போதாது என்கிறார் வக்கீல். பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.