தீப்பெட்டி இல்லாத ராத்திரி

கோடை விடுமுறைக்கு அக்கா பையன் காட்பாடிக்கு வந்திருந்தான், ஏழாவது முடித்தவன். வேலூர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது, உள்ளே இருந்தால் கையில் செல்போன். ஒரு மத்தியானம் அவனிடம், "உன் வயசுப் பையன் குட்டி விமானத்தில் போகிறான், நடுவானில் பைலட்டுக்கு மாரடைப்பு, உள்ளே வேறு யாருமே இல்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். "அப்புறம் மாமா?" என்றான்.

அது கேரி பால்சன் 1987-இல் எழுதிய 'ஹாட்செட்' நாவல், ஆளில்லாத இடத்தில் தனியாக மாட்டிக்கொண்டு பிழைக்கிற கதை. பிரையனுக்கு 13 வயது. கனடாக் காட்டில் ஒரு ஏரிக்குள் விமானம் விழுகிறது, அம்மா பரிசாகக் கொடுத்த சின்னக் கோடாலியோடு 54 நாள் தனியாக இருக்கிறான். எனக்கு இந்தக் கதை இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம், அவன் முதலில் எல்லாவற்றையும் தப்பாகவே செய்கிறான். கண்ட பழத்தைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், கொசு பிய்த்து எடுக்கிறது, அழுகிறான். இருட்டில் வந்த முள்ளம்பன்றி மேல் கோடாலியை வீச, அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. அந்தப் பொறியை நெருப்பாக்க அவன் படும் பாடுதான் புத்தகத்தின் உயிர். காய்ந்த புல்லைப் போட்டுப் பார்க்கிறான், இருபது டாலர் நோட்டையே கிழித்துப் போடுகிறான், பற்றவில்லை. நான் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா (குடியாத்தத்துக்காரர், சின்ன வயதில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டியவர்) "நாரு மாதிரி மெலிசா உரிச்சுப் போட்டு, மெதுவா ஊதணும்டா" என்றார். அடுத்த பக்கத்தில் பிரையன் மரப்பட்டையை நார் நாராக உரித்துப் போட்டு ஊதுகிறான்! பையன் பாட்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

பெண் பிள்ளைகளுக்கு, ஏன், பையன்களுக்கும்தான், ஸ்காட் ஓ'டெல்லின் 'ஐலண்ட் ஆஃப் தி ப்ளூ டால்ஃபின்ஸ்' கொடுங்கள். பெண்கள் ஆயுதம் செய்யக் கூடாது என்று சொல்லி வளர்த்த கூட்டத்தில் பிறந்தவள், ஆளில்லாத தீவில் தனக்கு வேண்டிய ஈட்டியைப் பயந்து பயந்து தானே செய்துகொள்கிறாள். கலிஃபோர்னியா பக்கத்துத் தீவொன்றில் 18 வருடம் தனியாக இருந்து, 1853-இல் கரைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் நிஜ வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை.

கதை போதும், நிஜம் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு யூலியானே கோப்கேயைப் பற்றிச் சொல்லுங்கள். 1971 டிசம்பர் 24, பெரு நாட்டுக் காட்டுக்கு மேலே விமானம் மின்னல் தாக்கிச் சிதறியது, 92 பேரில் அந்த 17 வயதுப் பெண் மட்டும் பிழைத்தாள், கூட வந்த அம்மா பிழைக்கவில்லை. காட்டில் வழி தப்பினால் ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போ, மனுஷர்கள் இருப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். பதினோரு நாள் கழித்து ஆட்களின் கண்ணில் பட்டாள். இதைக் கேட்டதும் இவன், "பாலாத்துல தண்ணியே இல்லையே மாமா, எதைப் பிடிச்சுட்டுப் போறது?" என்றான். சாயங்காலம் ஆற்றுக்கே கூட்டிப்போனேன். மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டினோம், ஈரம் வந்தது, தண்ணீர் ஊறவில்லை. அம்மா காலத்தில் கையால் பறித்தாலே ஊற்று வரும்.

'ராபின்சன் க்ரூசோ' எல்லோரும் சொல்கிற புத்தகம்தான், ஆனால் சும்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். அவன் அடிமைகளைப் பிடித்து வரக் கிளம்பிய பயணத்தில்தான் கப்பல் உடைகிறது, 1719-இல் எழுதியவருக்கு அது உறுத்தவில்லை, நம் பிள்ளைக்கு உறுத்த வேண்டும். கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே படியுங்கள். ஜாக் லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' அபாரமான சிறுகதை, ஆனால் அதில் தீ நிற்காது, ஆளும் பிழைப்பதில்லை. ஒன்பதாவது, பத்தாவது வரட்டும்.

இப்போது அண்டார்டிகாவுக்குக் கப்பலில் போன ஷாக்கிள்டனின் நிஜக் கதையில் இருக்கிறோம். பனி கப்பலை நொறுக்கிவிட்டது, ஆறு பேர் மட்டும் ஒரு சின்னப் படகில் 1,300 கிலோமீட்டர் கடலைத் தாண்டப் புறப்பட்டிருக்கிறார்கள். 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. ஜவ்வாது மலையில் வழி தப்பிய ஒரு பிள்ளை, எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்தப் பாறைக்கடியில் தண்ணீர் நிற்கும் என்று தேடித் தேடி வீடு வந்து சேர்கிற கதை தமிழில் எனக்கு வேண்டும். தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வாங்கிவிடுகிறேன்.