கிராஸ்ஓவரை மாற்றினேன், பெட்டியின் குரலே மாறிவிட்டது

அப்பா 1986-ல் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் பல வருடமாகப் பரணில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு 8 அங்குல ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு ஒரு 1 அங்குல ட்வீட்டர். இறக்கித் துடைத்து ஆம்ப்ளிஃபையரில் மாட்டினேன், பாடின. ஆனால் பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் இடப்பக்கமாக ஒதுங்கியே வந்தது.

பின்பலகையைக் கழற்றினால் உள்ளே இருப்பது ரொம்ப எளிமையான கிராஸ்ஓவர், அதாவது ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று. ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர், ஊஃபருக்குப் போகும் வழியில் இரும்பின் மேல் சுற்றிய 1 மில்லிஹென்றி காயில், அவ்வளவுதான். கண்டன்சர்களை மீட்டரில் வைத்தேன். இடது 5.6, வலது 5.1, இரண்டும் ஒன்றாக இல்லை. 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 என்றால் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் பிரியும், 5.6 ஆனால் அது 3,500-க்கு இறங்கிவிடும். குரல் ஒதுங்கியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆசை விடவில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாலிப்ரொப்பிலீன் கண்டன்சர் வரவழைத்தேன். இரும்பு இல்லாத காயில்தான் சுத்தமாக ஒலிக்கும் என்று படித்திருந்ததால், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் ஒரு கடையில் 22 கேஜ் செம்புக் கம்பியில் இரண்டு சுற்றி வாங்கினேன். சின்னதாக, அழகாக இருந்தன.

அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நிதானமாகக் கேட்க முடியும். அன்று இரவு நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். நாதஸ்வரம் காதைக் கீறியது. தவிலின் தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தில், அடிக்கனமே இல்லை. அம்மா உள்ளிருந்து வந்து, "ஏன் கண்ணு, உங்கப்பா வெச்சுக் கேட்டப்ப இப்படிக் காதைக் குத்தாதே?" என்றார். எனக்கு மனசு விட்டுப்போனது.

புதுக் கண்டன்சர் ஓட ஓடத்தான் பதமாகும் என்பார்கள். இரண்டு வாரம் ஓடவிட்டேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம் கழற்றிய பாகங்களை மறுபடி அளந்தேன், இந்த முறை அவற்றின் உள் தடையையும் சேர்த்து. பழைய கண்டன்சரில் ஏறக்குறைய 1.2 ஓம். புதியதில் மீட்டருக்குத் தென்படும் அளவுக்குக்கூட இல்லை. அந்த 1.2 ஓம் போனதால் ட்வீட்டர் ஒரு டெசிபலுக்குச் சற்று மேலேயே ஏறிவிட்டது. காயிலில் கதை தலைகீழ். பழையதில் 0.3 ஓம், இரும்பு இல்லாததால் புதியதற்குக் கம்பி நிறைய வேண்டியிருந்தது, அதுவும் மெல்லிய கம்பி, 0.9 ஓம். இதில் ஊஃபர் அரை டெசிபலுக்கு மேல் அடங்கியது. அதன் மீது ஆம்ப்ளிஃபையருக்கு இருந்த பிடியும் தளர்ந்தது. ஒன்று மேலே தூக்க, இன்னொன்று கீழே அமுக்க, இரண்டும் சேர்ந்து பெட்டியின் ஒலியை ட்வீட்டர் பக்கமாகச் சாய்த்துவிட்டன. பெட்டியை வடிவமைத்தவர் அந்தத் தடைகளையும் கணக்கில் வைத்துத்தான் காது கொடுத்துக் கேட்டு முடிவு செய்திருப்பார். நான் கண்டன்சர் மேல் அச்சடித்திருந்த எண்ணை மட்டும் பார்த்தேன்.

நல்லவேளை, பழைய காயில்களைத் தூக்கிப் போடவில்லை. அவற்றையே திரும்ப வைத்துப் பற்றவைத்தேன். புதியதை இன்னும் தடிமனான 18 கேஜ் கம்பியில் சுற்றியிருந்தால் தடை வெகுவாகக் குறைந்திருக்கும், ஆனால் அந்த எடையும் பருமனும் இந்தச் சின்னப் பலகையில் நிற்காது. போன தடையை ஈடுகட்ட, புதுக் கண்டன்சர் ஒவ்வொன்றோடும் ஒரு 1 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வரிசையில் சேர்த்தேன். கடையில் அதன் விலை ஒரு டீக்கு ஆகும் காசுகூட இல்லை.

இப்போது தவிலுக்கு அடிக்கனம் திரும்பிவிட்டது, நாதஸ்வரம் கீறவில்லை, குரல் நடுவில் நிற்கிறது. மற்றபடி பெட்டி பழைய பெட்டிதான். திரை விலகினாற்போல இருக்கும் என்று நினைத்துச் செலவழித்தேன், அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஏற்காட்டில் மாமா வீட்டில் இதே மாதிரி ஜோடி ஒன்று திறக்காமலே இருக்கிறது. வரும் ஞாயிறு கொண்டுவருகிறேன். திறப்பதற்கு முன்னால் இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவைக் கேட்கச் சொல்ல வேண்டும்.