நாலு வயசு மகளோடு ஹட்டனுக்கு

“நாலு வயசுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது, கொஞ்சம் பெருசானதும் கூட்டிட்டுப் போங்களேன்.” இலங்கைக்குப் போகிறோம் என்று சொன்னதும் கோத்தகிரியில் பக்கத்து வீட்டு அக்காவிலிருந்து என்னோடு வேலை பார்க்கிறவர்கள் வரை எல்லோரும் சொன்னது இதுதான். எங்கள் செலவை நினைத்து அக்கறையாகச் சொன்னார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. என் மகளுக்கு அஞ்சு வயசாகும், பத்து வயசாகும், அதற்கெல்லாம் காலம் கிடக்கிறது. இலங்கையின் தேயிலை மலையில், ஹட்டனில் இருக்கிற பெரியம்மாயிக்கு, அதாவது அம்மாவின் பெரியம்மாவுக்கு, எண்பது நெருங்கிவிட்டது, போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி வேறு. அவருடைய வயசைப் பார்த்துத்தான் பயணத் தேதியைக் குறித்தோம்.

இன்னொன்றும் உண்டு. சின்னக் குழந்தைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்கிறவர்கள் என் அம்மாவிடம் வந்து பேச வேண்டும். அம்மா இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது 1974 இல், அப்போது அவருக்கு வயசு ஐந்து. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அம்மாயி (அம்மாவின் அம்மா) கையில் இருந்த எனாமல் குவளையின் நிறம், மண்டபம் முகாமில் வரிசையில் நின்று வாங்கிய சாப்பாடு, அங்கே அடித்த மணற்காற்று எல்லாவற்றையும் இன்றைக்கும் சொல்வார்.

எங்கள் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாயியும் பெரியம்மாயியும் கூடப் பிறந்த அக்கா தங்கை, ஹட்டனை அடுத்த நோர்வூட் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள். இலங்கை 1948 இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடில்லாமல் போன லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களில் இவர்களும் அடக்கம். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதிப் பேரைப் பிறகு பார்ப்பது என்று ஏற்பாடு. அம்மாயியைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார்கள், பெரியம்மாயி வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார்கள். அவ்வளவுதான், அக்கா ஒரு நாடு தங்கை ஒரு நாடு. தோட்டங்களில் பஞ்சம் வந்து பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில் நின்ற அந்த நாளில் கிளம்பி வந்தவர்களுக்கு இங்கே டான்டீயில் வேலை கிடைத்தது. இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968 இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று எங்கள் மாதிரிக் குடும்பங்கள் இந்த மலை முழுக்க இருக்கின்றன. அக்கா தங்கை ரெண்டு பேரும் அதற்கப்புறம் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. முதலில் கடிதம், பிறகு போன், கடைசியில் வாட்ஸ்அப் வீடியோ. கொரோனா முடிந்த அடுத்த வருஷம் அம்மாயி போய்விட்டார்.

அதனால் நாங்கள் நாலு பேர் கிளம்பினோம்: நான், என் வீட்டுக்காரர், மகள், அம்மா. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பது சுலபமாக முடிந்தது. அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்பார்கள், குழந்தைகளுக்கு அஞ்சு வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள். அம்மாவுக்குத்தான் இழுத்தது. பிறந்த இடம் இலங்கை என்று போட்டவுடனே கேள்வி மேல் கேள்வி. அம்மாயி டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய பாஸ்போர்ட்தான் கைகொடுத்தது, அதில் அம்மாவின் பெயரும் குழந்தையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பெரியவர்களின் அந்தக் காலத்துக் காகிதங்கள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், நனையாமல் வையுங்கள், போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் கிளம்பினோம். ஊர் உலகமெல்லாம் இ-பாஸ் போட்டுக்கொண்டு நீலகிரிக்கு ஏறுகிற நேரத்தில் நாங்கள் இறங்கினோம். குஞ்சப்பனை தாண்டும்போது பலாப்பழத்துக்கு யானை வந்து நிற்குமோ என்று மகள் ஜன்னலை விட்டு நகரவில்லை, அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான், ஏறி நிமிர்ந்து பார்ப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். சின்னக் குழந்தையோடு முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான பயணம் இல்லை என்றே சொல்வேன். நேரமும் நம் நேரம்தான், அதனால் தூக்கம் கெடவில்லை. இறங்கும்போது காது அடைக்கும் என்று மிட்டாய், தண்ணீர் எல்லாம் கையில் வைத்திருந்தேன். மலைப்பாதையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது புதுசாகவே படவில்லை. “மேட்டுப்பாளையம் வந்துருச்சாம்மா?” என்றாள்.

கட்டுநாயக்கவில் இறங்கிக் கொழும்புக்குள் போகாமல் பக்கத்திலேயே நீர்கொழும்பில் தங்கினோம். விமான நிலையத்துக்குக் கிட்டே, கடற்கரை, மீன் சந்தை, குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும். வெயில்தான் தாங்கவில்லை. கோத்தகிரிக் குளிரில் ஸ்வெட்டரோடு அலைகிறவளுக்கு ஒரே நாளில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. மலையிலிருந்து போகிறவர்கள் கீழே ரொம்ப நாள் தங்காமல் சீக்கிரம் மேலே ஏறிவிடுவது நல்லது.

ஏறுவதற்கு ரயில் இருக்கிறதே! கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகிற அந்தப் பாதையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். நம் ஊர் ரயில் மீட்டர் கேஜ், கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் போட்டு, பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறுகிறது. அங்கே அகலப்பாதை, பல்லே கிடையாது, நாற்பத்து நாலு அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் மலையைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறுகிறார்கள். எங்கள் வீட்டில் ரயில் பைத்தியம் மகளும் அவள் அப்பாவும்தான். கடுகண்ணாவ தாண்டுகிறவரை “பல்லு எப்ப வரும்?” என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள், அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். முன்பதிவு ஒரு மாதம் முன்னால் திறக்கும், நல்ல இடங்கள் உடனே காலியாகிவிடும். முதல் வகுப்பு ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது, எனவே குழந்தையோடு போகிறவர்கள் இரண்டாம் வகுப்பு முன்பதிவு எடுங்கள். காற்று வரும், வடை விற்கிறவர்கள் வருவார்கள், பொழுது போகும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கதவுப் பக்கம் குழந்தையை விடாதீர்கள். படம் எடுப்பதற்காகப் பெரியவர்கள் திறந்த கதவில் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்துக் குழந்தையும் கேட்கும், பாறையும் சுரங்கமும் கையெட்டும் தூரத்தில் வருகிற பாதை அது. எவ்வளவு அழுதாலும் பிடித்து உட்கார வையுங்கள்.

நாவலப்பிட்டி தாண்டியதும் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். வட்டவளையில் மழை பிடித்தது. ஹட்டனில் இறங்கும்போதும் மழைதான். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை, அங்கே வைகாசி பிறந்தாலே வானம் திறந்துகொள்கிறது. ஸ்டேஷனில் பெரியம்மாயியின் பேரன் குடையோடு நின்றான். காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகிற சாலையில் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம்.

லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், வெள்ளைக்காரன் காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை என்று கட்டியது. பெரியம்மாயி வீட்டில் முன்னாலும் பின்னாலும் தகரம் இறக்கிக் கொஞ்சம் பெருசாக்கியிருக்கிறார்கள். 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்து 10,000 வீடு கட்டித் தருவோம் என்று அறிவித்தபோது பெரியம்மாயியும் கூட்டத்துக்குப் போயிருந்தாராம். அவர்கள் வரிசைக்கு இன்னும் எதுவும் வரவில்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, சேதியாகச் சொன்னார். எனக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை.

அம்மாவும் பெரியம்மாயியும் பார்த்துக்கொண்டதும் கட்டிப்பிடித்து அழுதார்கள், வாசலில் கூடியிருந்த லயத்துக்காரர்களும் அழுதார்கள். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் பெற்ற பிள்ளை மாதிரி ஒருத்தியைப் பார்க்கிறார், தங்கை வரவில்லை, இனி வரவும் மாட்டாள். அந்த அழுகை எங்கே போய் நிற்கும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அப்போதுதான் என் மகள் “எனக்கு ஒண்ணுக்கு வருது” என்றாள். உடனே பெரியம்மாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு “வாடி என் தங்கம்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலியோடு பின்பக்கம் நடந்தார். அன்றைக்கு முழுக்க அப்படித்தான். பால் வேண்டும், பொம்மைக்கும் சோறு வேண்டும், கோழி ஏன் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரியவர்கள் மட்டும் போயிருந்தால் எதைப் பேசுவது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். குழந்தை இருந்ததால் அந்த வீடு உடனே வழக்கமான வீடாகிவிட்டது, பேச வேண்டியதெல்லாம் அடுப்படி வேலைக்கு நடுவே தானாக வந்தது.

மறுநாள் காலையில் அம்மாவைக் காணோம். தேடிப் போனால் லயத்துக்குக் கீழே பீலிக்கரையில் நிற்கிறார். மலையூற்றை வழிமறித்து மூங்கிலில் விழவிட்ட பீலி இப்போது பிளாஸ்டிக் குழாயாகியிருக்கிறது, ஆனால் துணி துவைக்கிற கல் அதேதான் என்றார். யாரும் வழி காட்டவில்லை. அஞ்சு வயசில் விட்டுப்போனவர், தனியாக இறங்கிப் போய்ச் சரியாக நின்றிருக்கிறார். மகளும் அவள் வயசே உள்ள பெரியம்மாயியின் கொள்ளுப்பேரனும் அந்தத் தண்ணீரில் உதடு நீலம் பாரிக்கிற வரை ஆடினார்கள்.

அதன் விளைவோ என்னவோ, ராத்திரி காய்ச்சல். டெங்கு இருக்கிற நாட்டுக்குப் போகும்போது பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்கக் கூடாது என்று எங்கள் டாக்டர் முன்பே சொல்லி, அவள் எடைக்கு எவ்வளவு என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டுதான் எனக்குத் தைரியம். பெரியம்மாயியின் மருமகள் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் கொடுத்தார், அங்கே எந்த வீட்டிலும் சளி காய்ச்சலுக்கு அதுதான் முதல் வைத்தியம். ஹட்டனில் டாக்டரிடமும் காட்டினோம், மூன்றாம் நாள் விட்டுவிட்டது. ஹோட்டன் சமவெளி, எல்ல, ஒன்பது வளைவுப் பாலம் என்று போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் போயிற்று, எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்றி நடக்க வேண்டும், நாலு வயசுக் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு போகிற இடம் இல்லை அது. நுவரெலியாவுக்கு மட்டும் ஒரு நாள் போனோம். ஏரி, குதிரை, கேரட், யூகலிப்டஸ், எல்லாம் ஊட்டியில் இருக்கிறதுதான். நீலகிரிக்காரர்கள் அந்த நேரத்தைக் கடலுக்குக் கொடுக்கலாம்.

சாப்பாடு பற்றிக் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். இடியப்பமும் சொதியும் குழந்தைகளுக்கு அற்புதமான சாப்பாடு, தேங்காய்ப்பால்தான், காரம் இல்லை. காரமான தேங்காய்ச் சம்பலைப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். சிவப்பரிசிச் சோற்றை என் மகள் தொடவில்லை. பசும்பால் கிடைப்பது கஷ்டம், வீட்டுக்கு வீடு பால்மாதான் (பால் பவுடர்). அவள் முதலில் முகம் சுளித்தாள், அப்புறம் சீனி போட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தாள். நாங்கள் கொண்டுபோன வர்க்கியும் நீலகிரித் தைலமும் ஒரே நாளில் லயம் முழுக்கப் பங்கு போய்விட்டன.

புத்தர் பிறந்த நாளைக் கொண்டாடும் வெசாக் பண்டிகை எங்கள் பயணத்துக்கு நடுவே வந்தது. ஹட்டன் டவுனில் கடைக்குக் கடை காகிதக் கூடுகளுக்குள் விளக்கு, தெருவோரம் தன்சல் பந்தல்களில் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசச் சாப்பாடு. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் அப்பா தெருத் தெருவாக நடந்தார். ஊருக்கு வந்தபின் அவள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தக் கூடுகளையும் கோழியையும்தான்.

இப்போது பெரியம்மாயி இங்கே வர வேண்டும் என்கிறார். தங்கையைப் புதைத்த இடத்தில் ஒரு விளக்கு வைக்க வேண்டுமாம், அதுவும் தங்கை போன மாதிரியே கப்பலில்தான் வருவாராம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள்தான், ஆனால் ஹட்டனிலிருந்து காங்கேசன்துறைக்குச் சாலையில் போகவே ஒரு பகல் முழுக்க ஆகும், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு முடியாது என்று பேரன் சொல்லிவிட்டான். விமானத்தில் திருச்சிக்கு அவன் கூட்டி வருகிறான், அங்கிருந்து நாங்கள் கார் வைத்து அழைத்து வருகிறோம். ஐப்பசியில் மண் சரியும், மார்கழியில் உறைபனி, மே மாதம் கூட்டம் தாங்காது. எனவே பிப்ரவரிக்குச் சொல்லியிருக்கிறோம். அவருக்கும் இப்போது பாஸ்போர்ட் எடுக்கக் கொடுத்திருக்கிறார்கள்.