காத்து பிரிஞ்சுதா?

காலை டூட்டி ஏறியதும் அறுவை வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் நான் கேட்கும் முதல் கேள்வி இது. ஆபரேஷனில் நின்றுபோன குடல் மறுபடி ஓடத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்துப் பேர் எதிரில் கேட்கக் கூச்சமாக இருக்கும். இப்போது "சாப்பிட்டீங்களா" மாதிரி தானாக வந்துவிடுகிறது.

அந்தப் புதிதில்தான் திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். அல்சர் முற்றிச் சிறுகுடலில் ஓட்டை. ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். காலையில் அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். பத்து நொடி இருக்கும். 'குடல் சத்தம் இல்லை' என்று சார்ட்டில் எழுதிவிட்டு நகர்ந்தேன்.

சீனியர் சிஸ்டர் கூப்பிட்டார். "வாட்ச்சைப் பாத்தியா? அஞ்சு நிமிஷம் கேளு, அப்புறம் இல்லைன்னு எழுது."

மறுபடி வைத்தேன். மூன்றாவது நிமிடம், எங்கோ தூரத்தில் குடம் சரிந்த மாதிரி ஒரு 'களக்'. எழுதியதை அடித்தேன்.

குடல் மூளையிடம் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. அதன் சுவரில், இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே, ஆவர்பாக் வலை என்று சொந்த நரம்பு வலை ஓடுகிறது. உள்ளே வந்தது சுவரை விரித்தால், அதற்குப் பின்பக்கம் இறுகும், முன்பக்கம் தளரும்; உணவு நகரும். வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டாலும் இது நடக்கிறது என்று 1899லேயே பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர்கள் நாய்களில் காட்டிவிட்டார்கள். தாளம் போடுவது அதே சுவரில் இருக்கும் காஹால் செல்கள்: இரைப்பையில் நிமிடத்துக்கு 3 அலை, சிறுகுடல் தொடக்கத்தில் 12. மூளைக்கு இதில் சொல்லே இல்லை என்று அர்த்தமில்லை. வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டால் போதும், பிரேக் போடும் நரம்புகள் முந்திக்கொள்ளும். வலிக்குப் போடும் மார்ஃபின் வகை ஊசியும் அந்த வலையையே பிடித்து மந்தமாக்கும்.

இரண்டாம் நாள் அவர் காபி கேட்டார்.

"இன்னும் இல்லைப்பா. சிறுகுடல் ஒரு நாள்ல முழிச்சுக்கும். இரைப்பைக்கு ஒண்ணு ரெண்டு நாள். பெருங்குடல்தான் கடைசி, மூணு நாள்கூட ஆகும்."

மூக்கில் ட்யூபோடு சிரித்தார். "அப்ப அதுதான் கடைமடைன்னு சொல்லுங்க. மேட்டூர்ல ஜூன் 12 திறந்தா அன்னிக்கேவா எங்க வாய்க்காலுக்கு வருது?"

அன்றிலிருந்து எல்லா நோயாளிக்கும் இதைத்தான் சொல்கிறேன். முழுக்கச் சரியில்லை, வாய்க்காலுக்குச் சரிவு வேண்டும், குடலுக்கு வேண்டாம். தலைகீழாக நின்றாலும் தள்ளும். ஆனால் டெல்டாக்காரர்களுக்கு இதைவிட வேகமாகப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

எழுப்பி நடக்கவைத்தோம். பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொண்டோம். மற்றபடி காத்திருப்புதான்.

மூன்றாம் நாள் விடியற்காலை, நைட் டூட்டி. "சிஸ்டரம்மா, தண்ணி வந்துடுச்சு!"

பதறிப் போய் ட்ரிப் பாட்டிலைப் பார்த்தேன். அதில் பாதி அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சார்ட்டில் எழுதினேன்: காலை 4.10, காத்து பிரிந்தது.