என் கதையை எழுத ஆரம்பித்து எட்டு மாதம்: யாரிடம் காட்டினேன், என்ன சொன்னார்கள்

போன ஜூனில் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டேன். 1978 முதல் திருநெல்வேலியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். வெளியூர்க் கால்களைக் கையால் இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் போர்டில் கழிந்த வருடங்களைப் பேரன் பேத்திகளுக்காக எழுதி வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உ.வே.சா. தன் சரித்திரத்தை 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. வாரா வாரம் எழுதினார். எனக்கும் அந்தக் கணக்குதான் ஒத்துவரும் என்று தோன்றியது. வாரத்துக்கு ஒரு பகுதி, நாலு பக்கம்.

முதல் ஆறு வாரம் யாரிடமும் காட்டவில்லை. ஏழாவது வாரம் மகளுக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர்மா, அழுதுட்டேன்" என்று பதில் வந்தது. அன்றைக்கெல்லாம் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் அடுத்த பகுதியை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பதிலில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எந்த இடத்தில் அழுதாள், எந்த இடத்தில் சும்மா கண்ணை ஓட்டினாள் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அது என் தவறு.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொடுக்கும்போது முறையை மாற்றினேன். மகன் டைப் செய்து தந்ததை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். வரிக்கு வரி இடைவெளி, ஓரத்தில் மூன்று விரற்கடை வெற்றிடம். "டீச்சர், நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல வேண்டாம். புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி, இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும் இடத்தில் ஒரு டிக், அலுத்துப்போன இடத்தில் ஒரு கோடு. அது போதும்" என்றேன். மூன்று நாளில் தாள் திரும்பி வந்தது. பதினான்கு கேள்விக்குறி.

அதில் ஒன்றை மட்டும் அப்படியே சொல்கிறேன். நான் எழுதியிருந்தது இது: "அன்று இரவு ஒரு லைட்னிங் கால் வந்தது. என் மனம் பதறியது. அந்த அனுபவத்தை வார்த்தைகளால் விவரிக்க இயலாது."

டீச்சர் பக்கத்தில் எழுதியிருந்தார்: "லைட்னிங் கால் என்றால்? ஏன் பதறணும்? உங்க முன்னால என்ன இருந்தது? கை என்ன செய்தது?"

முப்பது வருடம் அந்தச் சொல்லோடு வாழ்ந்ததால், அதை விளக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அப்போது ட்ரங்க் கால் புக் செய்தால் சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை இருந்தது. அர்ஜென்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. வரிசையில் காத்திருக்கும் எல்லாக் காலையும் தாண்டி அது முன்னால் போகும். வசதியில்லாத ஒருவர் நடுராத்திரியில் லைட்னிங் கேட்டால், அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே எங்களுக்குத் தெரியும். இது தெரியாத வாசகருக்கு "மனம் பதறியது" என்பது வெறும் சொல்.

திருத்தி எழுதியது இப்படி வந்தது: "போர்டில் விளக்கு எரிந்தது. கார்டை, அதாவது இணைப்பு வயரைச் செருகினேன். 'மெட்ராஸுக்கு லைட்னிங் போடுங்கம்மா' என்றார். எட்டு மடங்கு ஆகுமே என்றேன். 'தெரியும்மா, போடுங்க.' டிக்கெட்டில் நம்பரை எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது. நகத்தால் கட்டையைச் சுரண்டிக்கொண்டே மெட்ராஸைக் கூப்பிட்டேன்."

பென்சில் ஒடிந்தது டீச்சர் கேட்கும் வரை எனக்கு ஞாபகமே இல்லை. கை என்ன செய்தது என்ற கேள்விதான் அதை வெளியே கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு பகுதியிலும் அந்தக் கேள்வியை நானே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

இடையில் போனில் பேசிப் பதிவு செய்தும் பார்த்தேன். வேகம் நன்றாக இருந்தது. ஆனால் பேச்சில் சொன்னதையே மூன்று தடவை சொல்கிறேன். வெட்டுவதற்கே ஒரு வாரம் போனது. அதைவிட, எழுதியதை டீச்சர் எதிரில் வாய்விட்டுப் படிப்பது பலன் தந்தது. நாக்கு எங்கே தடுக்குகிறதோ அந்த வாக்கியம் சரியில்லை.

அப்புறம், என்னோடு போர்டில் உட்கார்ந்த அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். தகவல் சரிதானா என்று பார்க்க அவரைவிட்டால் ஆள் கிடையாது. எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24 விடியற்காலையில் போர்டு முழுக்க விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்ததை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எந்த கார்டை முதலில் செருகுவது என்று தெரியாமல் கை நடுங்கியது என்றெல்லாம். அக்கா படித்துவிட்டுப் போன் செய்தார்.

"ஏட்டி, அன்னைக்கு நைட் நான்லா இருந்தேன். நீ பிரசவ லீவுல உங்க அம்மா வீட்டுல இருந்த."

இல்லவே இல்லை என்றேன். சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஏதோ இடித்தது. பெரியவனின் பிறந்த தேதி 1987 நவம்பர் 29. அன்று அவன் இருபத்தைந்து நாள் குழந்தை. அக்கா சொன்ன கதையை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அந்தக் கை என் கையாகிவிட்டிருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் இரண்டு நாள் பேனாவைத் தொட முடியவில்லை.

அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "கிழிக்காதீங்க. அக்கா சொன்னதுன்னு எழுதுங்க. நீங்க அன்னைக்கு எங்கே இருந்தீங்களோ அதையும் எழுதுங்க" என்றார். எழுதினேன். அம்மா வீட்டுப் பின்கட்டில் பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எம்.ஜி.ஆர். போயிட்டாராம்ட்டி" என்றார். அம்மா அண்டாவை அப்படியே விட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொதித்து வழிந்து விறகை அணைத்தது. இதுவரை எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பக்கம் இதுதான்.

அக்கா இன்னொன்றும் சொன்னார். அந்த லைட்னிங் காலில் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டதில் என் காதில் விழுந்ததை நான் எழுதியிருந்தேன். "அதை எடுத்துடு. அவங்க பேசினது நம்ம சொத்து இல்லை" என்றார். வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலேயே அதற்குத் தண்டனை இருந்தது. ஊர், பெயர் எதுவும் போடவில்லையே என்று முதலில் வாதாடினேன். பிறகு யோசித்தால், அந்த வீட்டார் யாராவது படித்தால் பெயர் இல்லாமலே தெரிந்துகொள்வார்கள். எடுத்துவிட்டேன். பகுதி இப்போது லைன் கிடைத்து, பேச்சு என் காதில் விழாதபடி நான் கீயை மூடுவதோடு முடிகிறது.

தம்பியிடம் காட்டியது சுமுகமாகப் போகவில்லை. வீடு பாகம் பிரித்த கதையில் அவன் சொன்ன வார்த்தைகளை எழுதியிருந்தேன். வருத்தப்பட்டான். அவன் பேசியதை நீக்கிவிட்டு, நான் என்ன நினைத்தேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். அது என் பங்கு, அதை விட்டுத்தர மாட்டேன்.

மகளிடமும் இப்போது கேள்வியோடுதான் அனுப்புகிறேன். "எந்த வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்தாய்?" போன வாரம் அவள் பதில்: "ஸ்ப்ளிட் டியூட்டின்னா என்னம்மா? காலையில போயிட்டு மதியம் வந்து, மறுபடி சாயங்காலம் போவியே, அதுவா? நீ இல்லாத சாயங்காலம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு." அந்த ஒரு வரிக்காக ஒரு பகுதி புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.

இதுவரை பதினேழு பகுதி. ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து எங்கள் ட்ரங்க் போர்டைக் கழற்றிய நாளைப் பற்றிய பகுதியை நேற்று அக்காவிடம் கொடுத்தேன். அன்று நாங்கள் இருவருமே டியூட்டியில் இருந்தோம் என்பது என் ஞாபகம். ஓரத்தில் இந்த முறை நாலு விரற்கடை விட்டிருக்கிறேன்.