வருத்தம் ஆருக்கு?

சென்னையில் ஒருவர் ‘எனக்கு வருத்தம்’ என்றால் மனம் நொந்திருக்கிறார். மட்டக்களப்பில் அதையே சொன்னால் “மருந்தெடுத்தீங்களா?” என்றுதான் கேட்பார்கள். இலங்கைப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். நீரிழிவைச் சீனி வருத்தம், ஆஸ்துமாவை முட்டு வருத்தம் என்போம். நோயாளி வருத்தக்காரர். பெரியாஸ்பத்திரிக்குப் போய் அவரைக் கண்டு வருவது வருத்தம் பார்க்கிறது.

இது கொச்சை என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருந்து – திருத்தம், பொருந்து – பொருத்தம் போல வருந்து – வருத்தம். அந்த வினைக்குப் பாடுபடுதல் என்ற பொருளும் பழையதுதான். 619ஆம் குறளின் ‘மெய்வருத்தக் கூலி’யில் வருந்துவது உடம்பு. ‘வருந்தி அழைத்தாலும் வாராத வாரா’ என்ற நல்வழி அடியிலும் பொருள் சிரமப்பட்டு என்பதே. கலியாணத்துக்கு ‘வருந்திக் கூப்பிட்டாங்க’ என்கிறோமே, அதே வருந்தல்தான்.

சிக்கல் எழுதும்போது வருகிறது. ‘எனக்கு’, ‘அவருக்கு’ என்று ஆளுக்குக் ‘கு’ உருபு போட்டு வருத்தத்தைப் பெயராக வைத்தால், நம்மூர் வாசகருக்கு அது காய்ச்சல் செய்தி. ‘மன’ சேர்த்தும் தப்ப ஏலாது. ‘ரெண்டு வீட்டுக்கும் மனவருத்தம்’ என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். ஆகவே வினையாக எழுதுங்கள், ‘கு’வை ஆளிடமிருந்து எடுத்துச் செயலுக்குக் கொடுங்கள்: ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’, ‘நேற்று அப்படிப் பேசியதற்கு வருந்துகிறேன்.’ பேச்சில் இந்த இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டது: ‘அப்பிடிச் சொன்னது எனக்குச் சரியான கவலை.’

இன்னொன்று: வருந்துகிறேன் என்பது மன்னிப்புக் கேட்பதாகாது. மழையால் கூட்டம் நின்றாலும் வருந்தலாம், அதில் நம் பிழை ஒன்றும் இல்லை. பிழை நம்முடையது என்றால் ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்பதும் வேண்டும். ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்று எழுதுவோர் அந்த ‘இருந்தால்’ மூலம் பழியை மெதுவாக வாசிப்பவர் தலையில் இறக்கிவிடுகிறார்கள். ‘புண்படும்படி பேசிவிட்டேன்’ என்று நேரே எழுதினால் போதும். கைத்தொலைபேசியில் வெறும் ‘சொறி’ என்று அனுப்புவது பற்றி என்ன சொல்ல. அது தோல் வியாதியும்கூட.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடம் இன்னும் கனமான சொல் ஒன்று உண்டு: கைசேதம். வாய்ப்புக் கைவிட்டுப் போனபின், இனித் திருத்த வழியில்லை என்ற நிலையில் வரும் வருத்தம் இது. தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் ‘ஹஸ்ரத்’ என்ற அரபுச் சொல்லுக்கு இதைப் பரவலாகக் காணலாம்: யாஸீன் அத்தியாயம் 30ஆம் வசனத்தில் ‘கைசேதமே’ என்ற விளி, மர்யம் 39இல் ‘கைசேதப்படும் நாள்’. ஜும்ஆப் பிரசங்கத்தில் ‘நாளைக்குக் கைசேதப்பட வேண்டி வரும்’ என்றால் அந்த நாளை மறுமை. வீட்டுப் பேச்சில் வயதானவர்கள் காணி விற்றதற்கும் சொல்வார்கள். மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் இதற்கு இடமில்லை. ‘உங்களிடம் கைசேதப்படுகிறேன்’ என்று எவரும் எழுதுவதில்லை.