ஒடியல் மாவும் 400 போத்தல் கீரையும்

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை விடிய, டொரொன்ரோவில் இருக்கும் தங்கச்சியின் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பெரிய பானை. உள்ளே தடித்த குழம்பு, நல்ல மண் நிறம். நண்டுக்கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இறால் மிதக்கிறது. கீழே ஒரு வரி: "பெரியம்மா, இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"கூழ். ஆனா ஏன் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு? மாவைக் கருக விட்டிட்டியோ?" என்று எழுதினேன்.

கூழ் இல்லையாம். கம்போவாம். அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்தவள், கறுப்பினத்தவள். தன் அம்மம்மாவின் பக்குவத்தில் காய்ச்சியிருக்கிறாள். மாவைக் கொழுப்பில் போட்டு வேண்டுமென்றே கறுக்க வறுப்பார்களாம். அப்போ நான் சொன்னது பாதி சரி.

எனக்கு அந்தப் படம் மனதைவிட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சுவதென்றால் அது ஒரு பின்னேரத்து வேலை. முதலில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு. அவை அவிந்து வர மீன் தலை, நண்டு, இறால். பிறகு ஊறவைத்த ஒடியல் மாவை, அதாவது பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மாவைக் கரைத்து, இடித்த செத்தல் மிளகாய், மஞ்சள், புளியோடு ஊற்றித் துழாவ வேண்டும். இறக்கும்போது முருங்கையிலை. கம்போவிலும் நண்டும் இறாலும்தான். தடிப்புக்கு நாங்கள் ஒடியல் மா போடுகிறோம், அவர்கள் வெண்டிக்காய் போடுகிறார்கள். கம்போ என்ற பெயரே வெண்டிக்காய்க்கு மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் உள்ள சொல்லிலிருந்து வந்ததாம். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களோடு கடல் கடந்த காய் அது.

சரி, எங்கள் கூழ்ப்பானையில் எது எங்களுடையது என்று பார்த்தால் அங்கேயும் வேடிக்கைதான். புளி ஆப்பிரிக்காவில் தோன்றிய மரம். பயற்றங்காயும், அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் வருடப் பிறப்புக்குச் சோற்றோடு சமைக்கும் கறுப்புக்கண் பயறும் ஒரே இனச் செடி. அதன் தாய்வீடும் ஆப்பிரிக்காதான். அம்மம்மா புட்டவித்த குரக்கன் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுத் தானியம். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பக்கத்திலிருந்து ஐரோப்பியர் கொண்டுவந்து கொட்டியவை. பனையாவது எங்களுடையதுதானே என்றால், மேற்கு ஆப்பிரிக்காவிலும் பனை உண்டு. நம் பனையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். அங்கேயும் விதையைத் தாட்டு, கிழங்கு கிண்டி, அவித்துத் தின்கிறார்கள். இதை வாசித்த அன்று எனக்குக் கொஞ்சம் ரோசமாகக்கூட இருந்தது.

அந்தப் பெண்ணின் அம்மம்மா அடிக்கடி சொல்லும் கதை ஒன்றையும் பெறாமகள் எழுதியிருந்தாள். 400 போத்தல் கீரையும் கம்போ சூப்பும் பனிக்காலத்துக்கென்று அடைத்து வைத்திருக்கிற வீட்டாரை எவனும் மிரட்ட முடியாது, இதைச் சொல், இதைச் செய் என்று ஏவ முடியாது. இப்படிச் சொன்னவர் ஃபானி லூ ஹேமர். யாரென்று தேடினேன். பிறகு அன்றைய சமையல் பத்து மணிக்குத்தான் தொடங்கியது.

1917இல் மிசிசிப்பியில் பிறந்தவர். வீட்டில் 20 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. ஆறு வயதில் பருத்தி பொறுக்கத் தொடங்கியிருக்கிறார். 1962இல் வாக்காளராகப் பதியப் போனதற்காக, 18 வருடம் வேலை செய்த தோட்டத்திலிருந்து அன்றே துரத்திவிட்டார்கள். அடுத்த வருடம் வினோனா என்ற ஊரின் சிறையில் வைத்து அடித்த அடியில் சிறுநீரகம் கெட்டது, கண் பழுதானது. வாக்குரிமைப் போராளியாகத்தான் உலகம் இவரை அறியும். எனக்கு அவருடைய தோட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. 1969இல் 40 ஏக்கர் வாங்கி, சுதந்திரப் பண்ணை என்று ஒரு கூட்டுறவு தொடங்கினார். மாதம் 1 டொலர் சந்தா. அதையும் கட்ட முடியாதவர்கள்தான் அதிகம். மரக்கறி இல்லாத குடும்பத்துக்குப் போகும். காணிக் காசு கட்டப் பருத்தியும் சோயாவும் போட்டார்கள்.

அப்புறம் பன்றி வங்கி. ஒரு குடும்பத்துக்குப் பெண்பன்றி ஒன்றைக் கொடுப்பார்கள். அது ஈன்றால் குட்டிகள் குடும்பத்துக்கு, தாய் திரும்ப வங்கிக்கு. எங்கள் ஊரில் மாட்டைக் கன்றில் பங்கு பேசி வாரத்துக்கு விடுவார்களே, கிட்டத்தட்ட அப்படி. வித்தியாசம், இங்கே நடுவில் ஒரு முதலாளி இல்லை.

ஏன் ஒரு அரசியல்காரிக்குக் கீரையும் பன்றியும் இவ்வளவு முக்கியம்? அதற்குக் காரணம் அதே மிசிசிப்பியில் நடந்த ஒரு விசயம். கிரீன்வூட் என்ற ஊர் இருக்கும் லெஃப்லோர் மாவட்டத்தில், பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்தில் அரசாங்கத்தின் மிகைத் தானியமும் மாவும் வாங்கித்தான் ஏழைகள் உயிர் பிழைத்தார்கள். 1962இல் கறுப்பினத்தவர்கள் வாக்குப் பதிவுக்கு வரிசையில் நிற்கத் தொடங்கியதும் மாவட்ட நிர்வாகம் அந்தப் பங்கீட்டை நிறுத்தியது. சுமார் 22,000 பேர். வாக்குக் கேட்டதற்குத் தண்டனை, பட்டினி. அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்து சனங்கள் உணவு சேர்த்து அனுப்பினார்கள். 1963 பெப்ரவரியில் டிக் கிரெகரி என்ற நகைச்சுவைக் கலைஞர் விமானம் பிடித்து ஏறத்தாழ 7 தொன் சாமான் கொண்டுவந்தார்.

இதை வாசித்தபோது நான் அடுப்படியில் நின்றேன். 1990இல் எனக்குப் பதினொரு வயது. யுத்தத்தில் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்ட வருடம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உரம் இல்லை, சவர்க்காரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில்தான் புலமைப்பரிசில் வாய்ப்பாடு பாடமாக்கிய தம்பி இன்று கணக்காளன். அம்மா பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார். வெள்ளைச் சட்டை ஒரு மாதிரி மஞ்சளடிக்கும், வாசம் மட்டும் பணியாரத்தை நினைப்பூட்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட கதையெல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், விடுகிறேன்.

எங்கள் வீட்டில் பட்டினி கிடந்ததில்லை. அதற்கு நாங்கள் வீரம் பேச ஒன்றுமில்லை. அம்மம்மாவின் அறைதான் காரணம். அந்த அறையில் கடகம் கடகமாக ஒடியல், தகரத்தில் புழுக்கொடியல், பாயோடு சுருட்டி வைத்த பனாட்டு, மோர்மிளகாய், வடகம், கூரையில் தொங்கும் வெங்காயப் பிடி. நாங்கள் சிறுவர்கள் அந்த அறையைக் கேலி செய்வோம், எலி மணக்கிறது என்று. பாணும் பட்டரும் தின்ன ஆசைப்பட்ட பிள்ளைகள். 400 போத்தல் என்ற கணக்கை வாசித்ததும் அந்த எலி மணம்தான் முதலில் மூக்கில் ஏறியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கதைகளில் எப்போதும் ஒரு பெண் விதையை ஒளித்துக் கொண்டுபோவாள். சூரினாமில் தோட்டங்களிலிருந்து காட்டுக்குத் தப்பியோடியவர்களின் வழிவந்தோர், தங்கள் பாட்டிமார் கூந்தல் பின்னலுக்குள் நெல்லை மறைத்துக் கொண்டுபோனதாக இன்றும் சொல்கிறார்கள். சில நெல்லினங்களுக்கு அந்தப் பெண்களின் பெயர்தான். கேட்க அருமையாக இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் அம்மா விதை ஒன்றும் எடுக்கவில்லை. சாவிக்கொத்து, காணி உறுதி, ஒரு பை ஒடியல் மா. மழைக்குள் செம்மணிப் பாதையில் மாவும் பாதி நனைந்துவிட்டது. மட்டுவிலில் எங்களுக்கு விறாந்தை தந்த வீட்டுக்காரி, 1996 சித்திரையில் நாங்கள் திரும்பும்போது கத்தரி விதையைப் பேப்பரில் சுற்றித் தந்தார். எங்கள் வளவுக் கத்தரி இன்றைக்கும் மட்டுவில் கத்தரிதான். எங்கள் விதை எங்களிடம் இருந்ததில்லை. இன்னொருத்தியின் விதை எங்களிடம் இருக்கிறது.

உணவு இறைமை என்ற சொல்லை 1996இல் உலக விவசாயிகள் அமைப்பான வியா கம்பெசினா முன்வைத்தது. 2007இல் மாலி நாட்டில் கூடி இன்னும் விரித்து எழுதினார்கள். வயிறு நிறைவது மட்டும் போதாது, என்ன விளைவிப்பது, எப்படி விளைவிப்பது என்பதை விளைவிப்பவரும் உண்பவரும் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் சாரம். பெரிய சொல் என்று பயப்படத் தேவையில்லை. நான் இருக்கிற வீடு 1970களில் அம்மப்பா மிளகாய் விற்றுக் கட்டியது. அப்போது இறக்குமதிக்குத் தடை. செத்தல் மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பொன்னாக விளைந்த காலம். 1977க்குப் பிறகு கதவு திறந்தது, விலை விழுந்தது, மேல்மாடிக்கு வைத்த கம்பி இன்றும் துருப்பிடித்து நிற்கிறது. (அதே காலத்தில் தெற்கில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.) 2021இல் அரசாங்கம் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது சில நண்பர்கள் சேதன விவசாயம், அதாவது இயற்கை விவசாயம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மாட்டெருவும் வேண்டும்தான், ஆனால் 1990இலும் உரத்தை நிறுத்தியவர் எங்களைக் கேட்கவில்லை, 2021இலும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் நிலத்தின் கதை இன்னும் கொடுமை. 1920இல் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கு மேல். இன்று 50,000க்கும் குறைவு. கடன் விண்ணப்பத்தை விதைப்புக் காலம் தாண்டும்வரை இழுத்தடிப்பது, ஏலத்தில் காணியைப் பறிப்பது, இப்படியே போயிருக்கிறது. அரசாங்கமே பாகுபாட்டுக்காக நட்டஈடு கொடுக்க 1999இல் ஒரு வழக்கில் உடன்பட வேண்டி வந்தது. ஹேமரின் பண்ணையும் 1970களின் நடுப்பகுதியில் வரியும் கடனும் கட்ட முடியாமல் கைவிட்டுப் போனது. 1977இல் அவர் இறந்தார். வலிகாமம் வடக்கின் செம்மண் 1990இல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், துண்டு துண்டாகத்தான் திரும்பி வருகிறது. அங்கே தோட்டம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது கடையில் கரட் நிறுத்து வாங்குகிறார்கள்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் எங்கள் சனத்துக்கு வாசிக்க இதமாக இருக்கும். ஆனால் 1960 பெப்ரவரி 1இல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்ததை வாசிக்கும் யாழ்ப்பாணத்தான் யாராக இருந்தாலும் தன் ஊர்த் தேநீர்க்கடையை நினைக்காமல் இருக்க முடியாது. அதே 60களின் கடைசியில்தான் இங்கே ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கு அடிபட்டார்கள். அதுவரை அவர்களுக்கு வெளியே, தனிப் பேணியில்.

எங்கள் வளவில் பதினெட்டுப் பனை. ஏறியது நாங்கள் இல்லை. பாத்தி போட்டதும் கிழங்கு கிண்டியதும் ஒடியல் கிழித்ததும் பின்வளவால் வந்துபோன ஒரு புருசனும் பெண்சாதியும். கூழ் காய்ச்சினால் அவர்களுக்கும் உண்டு, கிணற்றடியில், பிளாவில். ஓலையில் கோலிய பிளாவைக் குடித்ததும் எறிந்துவிடலாம், வீட்டுப் பாத்திரத்தில் கை படாது. இன்றைக்குச் சுற்றுலா ஹோட்டல்களில் பிளாவில் கூழ் ஊற்றி "பாரம்பரியம்" என்று விலை போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிணற்றடிதான் தெரிகிறது.

சரி, பெறாமகளிடம் வருகிறேன். தை மாதம் ஊர் வந்து திரும்பிய ஒருவரிடம் இரண்டு கிலோ ஒடியல் மா கொடுத்துவிட்டேன். இரு பெண்களும் வெண்டிக்காய்க்குப் பதிலாக அதைப் போட்டுக் கம்போ காய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். இரவு பதினொன்றரைக்கு வீடியோ அழைப்பு. இரண்டு முகமும் கோணிப்போய்.

"பெரியம்மா, ஒரே கைப்பு! வாயில வைக்கேலாது."

"மாவை ஊற விட்டனியோ?"

"இல்லையே."

தண்ணீரில் போட்டு ஊற வைத்து, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். திரும்பத் தண்ணீர் விட்டு, திரும்ப ஊற்றி, மூன்று தரம். பிறகு நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கூழுக்குள் விட வேண்டும். பெறாமகள் மொழிபெயர்த்துச் சொல்ல, அந்தப் பெண் ஒரு கொப்பியில் எழுதினாள். அவளுடைய கொப்பியில் ஒவ்வொரு பக்குவத்துக்கும் மேலே, சொல்லித் தந்தவரின் பெயர் எழுதுவாளாம். அவளுடைய அம்மம்மா பழக்கிய பழக்கம்.

"இது ஆர் சொல்லித் தந்ததெண்டு கேக்கிறாள், பெரியம்மா. என்ன பேர் எழுத?"

அம்மம்மாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மம்மாவுக்கு அந்த மூன்று தரத்தைக் காட்டிக் கொடுத்தது கிணற்றடியில் இருந்த அந்தப் பெண். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

விடிய அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எண்பது ஆகப் போகிறது, ஞாபகம் இன்னும் நல்லாக இருக்கிறது. கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரோ? நாங்கள் அவவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே, பிள்ளை."